காஞ்சனை என்ன தப்புச் செய்தாள்?

1

ஓசூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்து எதையாவது வாசிப்பது வழக்கம். ராமநாயக்கன் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தோழரின் வீட்டு மாடிதான் இடம். சிப்காட்டில் ஒப்பந்தக் கூலிகளாக இருக்கிற பையன்கள், கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு பெண், பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிற ஓர் அக்கா. அக்காவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. மகனோடு வந்து சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அதிகம் பேசமாட்டார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை வாசித்தோம். 1943இல் வெளிவந்த கதை. தமிழில் பேய்க்கதை என்றால் முதலில் நினைவுக்கு வருவது. வாசித்து முடித்ததும் வழக்கமான விவாதம் தொடங்கியது. வந்தது நிஜப் பேயா, கதைசொல்லியின் மனப்பிரமையா? எண்பது வருஷமாக இந்தக் கதையைப் பற்றி எழுதியவர்கள் சுற்றிச்சுற்றி வருவது இங்கேதான். பிரதி இரண்டு வாசிப்புக்கும் இடம் தருகிறது என்றான் ஒரு மாணவன். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது அக்கா வாய் திறந்தார்.

“அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. அந்தப் பொம்பள என்ன தப்புப் பண்ணா? வாசல்ல வந்து நின்னா. வேல குடுத்தாங்க, செஞ்சா. அப்புறம் எதுக்கு துன்னூறு போட்டுத் தொரத்தணும்?”

யாரும் பதில் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பேய்க்கதையில் போய் நியாயம் கேட்கிறாரே என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து படுத்தபிறகுதான் உறைத்தது. பேய்க்கதையில் நியாயம் கேட்கக்கூடாது என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பயப்படுகிறவன் பக்கம் நின்று வாசிக்க நான் எங்கே பழகினேன்?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிப் பார்த்த பதில். பயம் என்பது வெறும் உணர்ச்சிதானா, அல்லது பயப்படுகிறவனும் கணக்குச் சொல்ல வேண்டிய ஒரு காரியமா என்பதுதான் கேள்வி.

2

கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கதைசொல்லி ஓர் எழுத்தாளன். ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கிறான். எங்கிருந்தோ பிணவாடை வருகிறது, பிறகு அதுவே நறுமணமாக மாறுகிறது. மறுநாள் காலையில் வாசலில் ஒரு பிச்சைக்காரி. அவன் மனைவி அவளிடம் பேச்சுக் கொடுத்து வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். பெயர் காஞ்சனை. மனைவிக்குப் பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷம். புருஷனுக்கு மட்டும் சந்தேகம். அவள் கால் தரையில் பாவுகிறதா என்று பார்க்கிறான். பிறகு ஒரு ராத்திரி மனைவியின் கழுத்தில் ரத்தம் பார்க்கிறான். தெருவோடு வந்த ஓர் ஆண்டி திருநீறு கொடுக்கிறான். விடிந்தால் காஞ்சனை இல்லை.

இப்போது அக்காவின் கேள்வியை ஒரு வழக்குப் போல எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சனைக்கு எதிராக என்ன சாட்சி இருக்கிறது? ஒரே சாட்சி, வீட்டுக்காரன். அவனோ தன் தொழிலே பொய் சொல்வதுதான் என்று கதையின் ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டவன். அவளோடு பகலெல்லாம் பழகிய மனைவிக்கு அவள்மேல் ஒரு புகாரும் கிடையாது. காஞ்சனையிடம் ஒருவரும் விசாரிக்கவில்லை. தீர்ப்பு மட்டும் நடுராத்திரியில் வந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கதையில் காஞ்சனையின் சாதி இல்லை. வாசலில் வந்து நின்றவளை, யார், என்ன குலம் என்று துருவாமல் வீட்டுக்குள் விடுகிறாள் அந்த அம்மாள். 1943இல் ஒரு நடுத்தர வர்க்க வீட்டில் இது நடக்கிற காரியமா? என் கணக்கில் அந்தக் கதையிலேயே நம்ப முடியாத அதிசயம் இதுதான், கழுத்து ரத்தம் அல்ல. கேட்காமல் விட்ட அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. புருஷனின் பயம் அதனுடைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

3

அவன் காஞ்சனையைப் பேய் என்று அடையாளம் காண்பது எதைக்கொண்டு? வாடை, கால், ரத்தம். இந்த மூன்றும் நமக்குப் புதிதா?

வாடை. சேரிப் பிள்ளைகள் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தால் மூக்கைச் சுளிப்பார்களே, அந்த மூக்கு. ரத்தம். யார் கை பட்டால் தீட்டு, யார் ரத்தம் யார் ரத்தத்தோடு கலக்கலாம் என்ற கணக்கு. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. கால் விஷயம்தான் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது.

பேஷ்வாக்கள் ஆட்சியில் பூனா நகரத்தில் தீண்டப்படாதவர்கள் இடுப்பில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்றிருந்ததை அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் எழுதுகிறார். நடந்த தடத்தை அவர்களே அழித்துக்கொண்டு போக வேண்டும். எச்சில் தரையில் விழாமல் இருக்கக் கழுத்தில் மண்சட்டி. அதாவது ஒரு மனுசன் தெருவில் நடக்க வேண்டும், ஆனால் நடந்த அடையாளம் இருக்கக்கூடாது. வேலை நடக்க வேண்டும், செய்தவனைப் பார்க்கக்கூடாது.

திருநெல்வேலிச் சீமையில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. புரத வண்ணார்கள் பகலில் வெளியே தலைகாட்டக் கூடாது, ராத்திரியில்தான் நடமாட வேண்டும் என்றிருந்ததைப் பற்றி 1932 டிசம்பரில் ‘இந்து’ நாளேட்டில் வந்த செய்தியை அம்பேத்கர் எடுத்துக்காட்டுகிறார். தீண்டாமை மட்டுமல்ல, காணாமையும்கூட. துணி வெளுக்கிற ஒரு பெண் நடுச்சாமத்துக்கும் விடியலுக்கும் நடுவில் மட்டும் தெருவில் போய்வர வேண்டியிருந்தது. இருட்டில் அவளை யாராவது பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? பேயைக் கண்டேன் என்றுதானே? புதுமைப்பித்தன் வளர்ந்த சீமை அது. செய்தி வந்து பதினோரு வருஷத்தில் ‘காஞ்சனை’ வருகிறது.

அவர் இதை நினைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் கிடையாது. நான் சொல்வது வேறு. தடம் பதியாமல் நட என்று ஒரு கூட்டத்துக்குச் சட்டம் போட்டவனே, கால் பாவாதவள் பேய் என்றும் கதை சொல்கிறான். முதலில் மனுசியைப் பேயாக்குகிறான். பிறகு பேயைப் பார்த்துப் பயப்படுகிறான். அப்புறம், ‘நான் பயந்துபோயிருக்கிறேன், என்மேல் இரக்கம் காட்டு’ என்கிறான். நாமும் காட்டுகிறோம். எண்பது வருஷமாக அவனோடு சேர்ந்து அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

புதுமைப்பித்தன் நெல்லைச் சைவ வேளாளர் குடும்பத்துக்காரர். அவருடைய எழுத்தில் சாதி எங்கே வேலை செய்கிறது என்று தலித் விமர்சகர்கள் கேட்டபோது பலருக்குக் கோபம் வந்தது. ராஜ் கௌதமன் அவரைப் பற்றி எழுதிய நூலுக்கே ‘புதுமைப்பித்தன் எனும் பிரம்மராக்ஷஸ்’ என்றுதான் பெயர் வைத்தார். 2014இல் சென்னைப் பல்கலைக்கழகம் ‘துன்பக்கேணி’, ‘பொன்னகரம்’ இரண்டையும் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. வகுப்பில் தன் சாதியை இழிவாகச் சொல்லும் வரியை வாத்தியார் உரக்கப் படிக்க, நாற்பது பேர் திரும்பிப் பார்க்க உட்கார்ந்திருக்கும் மாணவனின் கோபம் நியாயமானது. நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன சேரிப் பெண்ணின் கதையை எடுத்துவிட்டதால் அந்தக் கோபத்துக்குப் பதில் கிடைத்துவிட்டதா? அதுவும் ஒரு வகையில் திருநீறு போட்டுத் துரத்துவதுதான். கதையை வாசலிலேயே நிறுத்தி, நீ யார், எங்கிருந்து வருகிறாய், யாருக்காகப் பேசுகிறாய் என்று கேட்க வேண்டியவர்கள் நாம்.

4

எங்கள் தாத்தா ராயக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வெட்டியான் வேலை பார்த்தவர். பிணம் வேகும்வரை சுடுகாட்டிலேயே இருப்பார். பாட்டி கொடுத்தனுப்பிய ராகிக் களியை அங்கேயே உட்கார்ந்து தின்பார். கொள்ளிக்கட்டையில் பீடி பற்றவைப்பார். ‘காஞ்சனை’யில் எழுத்தாளனைப் படுக்கையிலிருந்து தூக்கிப்போடுகிற அந்த வாடை எங்கள் தாத்தாவின் சட்டையில் எப்போதும் இருந்தது. எனக்கு அது தாத்தா வாசனை, அவ்வளவுதான். அவர் மடியில் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

ஒரு தடவை கேட்டேன்: “உனக்குப் பயமே இல்லியா தாத்தா?”

“ராத்திரி என்னாடா பயம்? விடிஞ்சா தான் பயம்.”

விடிந்தால் கூலி கேட்க ஊருக்குள் போக வேண்டும். செத்தவன் வீட்டுப் புழக்கடையில் தூரமாக நின்று கூப்பிட வேண்டும். எந்தக் குரலில் கூப்பிடுவது, எவ்வளவு நேரம் நிற்பது, பேசினதைவிடக் குறைவாகப் போட்டால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது. அவர் பயந்தது அதற்குத்தான். பிணம் அவரை ஒரு நாளும் அவமானப்படுத்தவில்லை.

ஆக, பேய்க்கதை என்கிற சரக்கே ஒரு பக்கத்துச் சரக்கு. சுடுகாடு, சாம்பல், நடுச்சாமம், பிணவாடை இதெல்லாம் வீட்டுக்குள் படுத்திருப்பவனுக்கு அமானுஷ்யம். எங்களுக்கு வேலையிடம். ஒருவன் வேலையிடத்தை இன்னொருவன் நரகம் என்று எழுதினால், அந்த இலக்கியத்துக்குக் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

நம்முடைய சனங்களிடம் செத்தவர்களைப் பற்றிப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்குக் காரணம் தெரிந்திருக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் எங்கே போனாலும் நடுகல் இருக்கிறது. சண்டையில் செத்தவனைக் கல்லாக நட்டுக் கும்பிட்ட மண் இது. மதுரைவீரன், காத்தவராயன் இவர்களெல்லாம் கொல்லப்பட்டவர்கள், கொன்றபிறகு கும்பிடப்பட்டவர்கள். அநியாயமாகச் செத்தவன் சும்மா போகமாட்டான், திரும்பி வருவான், அவனுக்குப் படையல் போடு. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது சுலபம். அதற்குள் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது: நாங்கள் கொன்றோம், அதனால் பயப்படுகிறோம். கொன்றதை ஒத்துக்கொண்டால் தண்டனை வருமே என்று சாமியாக்கித் தப்பித்துக்கொண்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் அந்தப் பயத்துக்கு ஒரு முகவரி இருந்தது. ‘காஞ்சனை’யில் அந்த முகவரி இல்லை. அந்த வீடு அவளுக்கு என்ன செய்தது, எதற்காக அவள் அங்கே வந்தாள் என்பது சொல்லப்படவே இல்லை. கடன் மறைக்கப்பட்டுவிட்டது, கேட்க வந்தவளின் பயங்கரம் மட்டும் மிச்சம்.

5

இங்கிலீஷில் இதேபோல் பிரபலமான ஒரு பேய்க்கதை உண்டு. டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய ‘குரங்கின் பாதம்’. அவர் லண்டன் துறைமுகப் பக்கத்தில் வளர்ந்தவர், அப்பா துறைமேடை மேலாளர். கூலிக்காரர்களின் உலகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

ஒரு கிழவன், கிழவி, வேலைக்குப் போகும் மகன். இந்தியாவில் இருபத்தொரு வருஷம் பட்டாளத்தில் இருந்த ஒருவன் பாடம் செய்த குரங்குப் பாதம் ஒன்றைக் கொண்டுவருகிறான். பக்கிரி ஒருவர் மந்திரித்தது, மூன்று வரம் கொடுக்கும். கிழவன் இருநூறு பவுன் கேட்கிறான். எதற்கு? வீட்டுக் கடனின் பாக்கியை அடைக்க. மறுநாள் மகன் வேலை செய்யும் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறான். மகன் இயந்திரத்தில் சிக்கிச் செத்துவிட்டான். கம்பெனிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. ஆனாலும் அவன் உழைப்பை மதித்து ஒரு தொகை தருகிறோம். எவ்வளவு? இருநூறு பவுன்.

அப்புறம் கிழவி இரண்டாவது வரமாக மகனைத் திரும்பக் கேட்கச் சொல்கிறாள். ராத்திரி கதவு தட்டப்படுகிறது. கிழவி திறக்க ஓடுகிறாள். உருத்தெரியாமல் சிதைந்த அந்த உடம்பைப் பார்த்திருக்கிற கிழவன் பயந்துபோய் மூன்றாவது வரத்தைக் கேட்டுவிடுகிறான். கதவைத் திறந்தால் தெரு காலி.

விதியோடு விளையாடாதே, பேராசைப்படாதே என்பதுதான் இதன் நீதி என்று பாடம் நடத்துவார்கள். ஓசூரில் இருந்துகொண்டு அப்படி வாசிக்க என்னால் முடியவில்லை. வீட்டுக் கடனை அடைக்க நினைப்பது பேராசையா? மகனைக் கொன்றது குரங்குப் பாதமா, இயந்திரமா? அந்தக் கதையில் யாரும் அந்த இயந்திரத்தைப் பார்த்துப் பயப்படுவதில்லை. பணம் கொண்டுவந்த ஆள் சங்கடப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறான். பயமெல்லாம் செத்த தொழிலாளியின் சிதைந்த உடம்பின்மேல். பழியெல்லாம் எங்கோ இந்தியாவில் இருக்கும் பக்கிரியின்மேல். அவர்கள் ஊர்க் காஞ்சனை நாம்தான்.

கதை வருவதற்கு ஐந்து வருஷம் முன்னால்தான், 1897இல், இங்கிலாந்தில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. செத்தவனின் மூன்று வருஷக் கூலி அல்லது 150 பவுன், இதில் எது அதிகமோ அது. ஆனால் 300 பவுனைத் தாண்டக்கூடாது. இருநூறு பவுன் என்பது மந்திரத்தில் வந்த எண் அல்ல. சட்டம் போட்டிருந்த வேலிக்குள்ளே இருக்கிற எண்.

நமக்கு அந்தச் சட்டம் 1923இல் வந்தது. அதன் கணக்கு இப்படி: செத்தவனின் மாதக் கூலியில் பாதியை எடுத்து, அவன் வயசுக்கு உரிய ஓர் எண்ணால் பெருக்கு. இருபது வயசென்றால் 224. முப்பதென்றால் 207.98. ஐம்பதென்றால் 153.09. பின்னால் இது 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளிலும் ஒரு பட்டியல் உண்டு. என்ன கொடுமைக்கு எவ்வளவு நிவாரணம் என்று வரிசையாக இருக்கும். 2016 திருத்தத்தின்படி கொலைக்கு 8 லட்சத்து 25 ஆயிரம். அந்தப் பட்டியலை முதன்முதலில் முழுசாகப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதில் இருந்த ஒவ்வொரு வரியும் எங்கோ ஒரு சேரியில் உண்மையில் நடந்தது.

இந்தப் பணம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். போராடி வாங்கிய சட்டங்கள் இவை. 1997இல் எங்கள் வரிசை வீட்டில் பக்கத்து அறையில் இருந்தவரின் மகன் பிரஸ் மிஷினில் சிக்கிச் செத்தபோது, கவரை வாங்கலாமா கூடாதா என்று நாங்கள் சங்கத்தில் கூடிப் பேசினோம். ‘ரத்தப் பணம், வாங்காதீங்க’ என்றார் ஒரு தோழர். அந்தத் தாய் அவரை நிமிர்ந்து பார்த்து, “அவன் தங்கச்சி ரெண்டு பேரு இருக்காங்களே அண்ணா, உங்க வீட்ல சோறு போடுவீங்களா?” என்று கேட்டார். பணம் வாங்கினார். வாங்கியதில் அவமானம் எதுவும் இல்லை. பணம் வந்ததும் கேள்வி முடிந்துவிட்டது பாருங்கள், அதுதான் கொடூரம். மிஷினில் காவல் தகடு ஏன் இல்லை, இரண்டு ஷிப்டு தொடர்ந்து யார் நிற்கச் சொன்னது என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

2023 அக்டோபர் 7ஆம் தேதி, ஜூஜூவாடியைத் தாண்டினால் வரும் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை தீப்பிடித்துப் பதினான்குக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதிகம் பேர் தமிழ்நாட்டுப் பையன்கள். தீபாவளி சீசன் வேலைக்கு வந்த மாணவர்களும் அதில் உண்டு. இந்த மாநிலம் 3 லட்சம் என்றது, அந்த மாநிலம் 5 லட்சம் என்றது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் ஒரு எண். ஜேக்கப்ஸின் கதையில் மகனின் சாவுக்கு ஒரே விலைதான்.

6

மூன்றாவது வரத்துக்கு வருகிறேன். வாசலில் நிற்கும் தன் பிள்ளையே ‘இல்லாமல் போகட்டும்’ என்று ஒரு தகப்பன் கேட்கிற வரம். அந்தக் கிழவன் பயத்தில் கேட்டான். நம் ஊரில்?

2018 நவம்பரில், ஓசூரில் வாழ்ந்துகொண்டிருந்த ஓர் இளம் தம்பதியின் உடல்கள் கர்நாடகத்தில் சிவனசமுத்திரம் பக்கம் காவிரியில் கிடைத்தன. அவன் தலித், அவள் வேறு சாதி. பெண்ணின் தகப்பனும் உறவினர்களும் கைதானார்கள். அதற்கு ஆறு வருஷம் முன்னால், 2012 நவம்பர் 7ஆம் தேதி, பக்கத்துத் தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று காலனிகளை ஒரே சாயங்காலத்தில் கொளுத்தினார்கள். இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள். காரணம் என்ன சொன்னார்கள்? ‘எங்கள் பெண்களை நினைத்தால் பயமாக இருக்கிறது.’ கையில் தீப்பந்தம் வைத்திருப்பவன் சொல்கிறான், எனக்குப் பயம் என்று. வீடு எரிந்தவனைப் பார்த்துச் சொல்கிறான்.

இதனால்தான் பேய்க்கதையை வெறும் கதை என்று என்னால் விட முடியவில்லை. ‘பயந்தவன் பாவம்’ என்று நம் மனசைப் பழக்கிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். பயம் உண்மையாகவே இருக்கலாம். நெஞ்சு படபடப்பது நடிப்பாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பயம் உண்மை என்பதால் பயப்படப்பட்டவள் குற்றவாளி ஆகிவிடமாட்டாள். பயம் சாட்சிதான். பல சமயம் அது பயப்படுகிறவனுக்கு எதிரான சாட்சி.

7

இதுவரை எழுதியது சுலபம். எதிரியைப் பற்றி எழுதுவது எப்போதும் சுலபம். இனிமேல் எழுதப்போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

முப்பது வருஷம் வேலை பார்த்து, கடன் வாங்கி, மத்திகிரிப் பக்கம் ஒரு வீடு வாங்கினோம். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் இரும்புக் கதவு. எங்கள் வம்சத்தில் முதல் சொந்த வீடு. 2022இல் ஒரு நாள் காலையில் அந்தக் கதவைத் தட்டி ஒரு பெண் வேலை கேட்டாள். ஜார்கண்ட்காரி. புருஷன் ஒரு வார்ப்படப் பட்டறையில் கூலி. தமிழ் நாலு வார்த்தை வரும். என் மனைவிக்கு முட்டி வலி, வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

நான் செய்த முதல் காரியம், “எந்த ஊரு?” என்று கேட்டது. ஓசூரில் இந்தக் கேள்வி மூன்று மொழியில் உண்டு. தமிழில் எந்த ஊரு, கன்னடத்தில் யாவ ஊரு, தெலுங்கில் ஏ ஊரு. மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: நீ என்ன சாதி? சின்ன வயசில் அந்தக் கேள்வி என்மேல் விழுந்தபோதெல்லாம் உடம்பு கூசியிருக்கிறது. அவள் ஊர் பேரைச் சொன்னாள். பிறகு நான் இன்னும் கேட்க, சாதிப் பேரையும் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. அந்தப் பேர் ஏணியில் எந்தப் படியில் இருக்கிறது, நமக்கு மேலா, கீழா? தெரியாமல் போனதுதான் என்னை அமைதியிழக்கச் செய்தது. அவள் உள்ளே வரும்போது குனிந்து அவள் காலைப் பார்த்தேன். வெடிப்பு விழுந்த கால், வெள்ளிக் கொலுசு. எதற்குப் பார்த்தேன் என்று அப்போது தெரியவில்லை.

ஒரு வாரத்தில் ஜன்னல் திட்டில் ஒரு டம்ளர் தனியாக உட்கார்ந்துவிட்டது. விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். அவளுக்கு அதில்தான் டீ. இதை நானும் என் மனைவியும் பேசி முடிவெடுக்கவில்லை. எப்படியோ வந்தது. இரட்டைக் குவளைக்கு எதிராகக் கெலமங்கலம் பக்கம் டீக்கடை வாசலில் உட்கார்ந்து அடி வாங்கியவன் நான். என் வீட்டு ஜன்னலில் இரண்டாவது குவளை இருந்ததை நாலு மாசம் நான் பார்க்கவில்லை. பார்த்தும் பார்க்கவில்லை.

ஒரு நாள் அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? பீரோவைத் திறந்து நகையை எண்ணினோம். எல்லாம் இருந்தது. வளையல், மோதிரம், பேத்தியின் தோடு. இருந்ததைப் பார்த்து நிம்மதி வந்தது. அவளுக்கு என்ன ஆயிற்று என்ற யோசனை வரவில்லை. ஒரு வாரம் கழித்து என் மனைவி அவர்கள் இருந்த வரிசை வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். அறை பூட்டியிருந்தது. புருஷனுக்குப் பட்டறையில் கை நசுங்கிவிட்டதாம், ரயிலேறி ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார் பக்கத்து அறைக்காரர்.

அந்த மாசம் பதினோரு நாள் அவள் வேலை செய்திருந்தாள். கூலி 1,100 ரூபாய். அது எங்களிடமே இருக்கிறது.

வீடு கிடைத்ததும் வீட்டுக்காரனின் பயமும் கூடவே வந்துவிடுகிறது. அதைத் தனியாக யாரும் நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. நாம் படித்த கதைகள், நாம் நின்ற புழக்கடைகள் எல்லாமே கற்றுக்கொடுத்திருக்கின்றன. அடிபட்டவன் என்பதால் அடிக்காதவனாக ஆகிவிடுவோம் என்று நான் ரொம்ப நாள் நம்பினேன். அது தானாக நடக்காது, தோழர்களே. ஒவ்வொரு நாளும் கதவருகே நின்று சரிபார்க்க வேண்டிய விஷயம் அது. நம் வாசலுக்கு இன்றைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து நிற்பவர்கள், நாற்பது வருஷம் முன்னால் தருமபுரியிலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் வந்து நின்ற நம் அப்பன் ஆத்தாள்தான். அவர்கள் காலைக் குனிந்து பார்த்த கண்கள் எவையோ, அவை இப்போது நம் முகத்திலும் இருக்கின்றன.

8

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னேன். மாணவர்கள் தலை குனிந்திருந்தார்கள். ஒருவன், “உங்க சுயவிமர்சனம் முக்கியமானது சார்” என்றான். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

பூப்பறிக்கிற அக்கா மட்டும் கேட்டார்: “அந்தக் காசு இன்னும் உன்கிட்டதான இருக்கு?”

“ஆமா அக்கா.”

“அப்பறம் என்னத்த பேசிக்கிட்டு இருக்கிற? ஆளத் தேடிக் குடு.”

பட்டறையில் விசாரித்தோம். ஒப்பந்தக்காரர் மாறிவிட்டார், பேரேட்டில் அவர் பெயரே இல்லை என்றார்கள். ஜார்கண்டிலிருந்து வந்து பேளகொண்டபள்ளிப் பக்கம் தங்கியிருக்கும் சில பையன்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அவர்களில் ஒருவன் அவள் ஊரைத் தெரியும் என்கிறான். கைக்கு நஷ்டஈடு கேட்டு மனுப் போட வேண்டுமென்றால் புருஷனுடைய கையெழுத்து வேண்டும், அதற்கும் ஆளைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஜன்னல் திட்டில் இருந்த டம்ளரை என் மனைவி மற்ற டம்ளர்களோடு சேர்த்துக் கழுவி உள்ளே வைத்துவிட்டாள். விளிம்பு நசுங்கியிருப்பதால் எது என்று இப்போதும் தெரிகிறது. சில நாள் காலையில் எனக்கு அதில்தான் டீ வருகிறது.